பாவப் பெட்டியும் மன்றாட்டுப் பெட்டியும்

மார்ச் 13, வியாழன்

காலை ஏழு மணிக்கே புழுக்கம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்துவிட்டது. லஸ் முனைக் கடையில் கொடுத்தேன். திங்கட்கிழமைதான் தருவாராம். அதுவரை குத்துமதிப்பாக வாழ வேண்டியதுதான்.

வாங்க, செய்ய:
முழங்கால் தைலம்.
ஊதாக் காகிதம்.
மண்சட்டி, தீப்பெட்டி.
மூன்றாம் மாடியில் ஒழுகும் குழாய் (நான்காவது முறை).

விடுதியில் அறுபத்திரண்டு பெண்கள். அவர்களுடைய ஆன்மா என் பொறுப்பு. குழாய், பேன், கரப்பான்பூச்சி ஆகியவையும் என் பொறுப்பு என்பதை மடத்துத் தலைவி மதர் எழுதித் தரவில்லை, அவ்வளவுதான்.

தவக்காலத்துக்காக இரண்டு செருப்புப் பெட்டிகள். ஒன்றில் பிள்ளைகள் தங்கள் பாவங்களை எழுதிப் போடுவார்கள். பெயர் வேண்டாம். நாளை சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் அவற்றை யாரும் படிக்காமல் எரித்துவிடுவேன். மற்றதில் மன்றாட்டுகள். ஞாயிறு பூசையில் ஐந்து சீட்டை எடுத்து, எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும். போன வருடம் நான் திருத்தி எழுதியதற்கு, "எங்க மன்றாட்டு எல்லாம் உங்க குரல்ல இருக்கு சிஸ்டர்" என்று சண்டைக்கு வந்தார்கள். அதனால் இந்தப் புது விதி. என் விதி.

"யாருமே படிக்க மாட்டீங்கள்ல?" என்று ஒன்பதாம் வகுப்பு ஜெசிந்தா மூன்று தடவை கேட்டாள். சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு பெட்டிக்கும் ஒரே ஊதாக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். அடியில் பென்சிலால் பெயர்.

மார்ச் 14, வெள்ளி

ஜெசிந்தாவின் அம்மா ரோசி, நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு கூடை சங்கரா மீன் கொண்டுவந்து கொடுத்தார். வீடு கூப்பிடு தூரம். ஆனால் விடியும் முன்னே மீன் எடுக்கப் போய்விடுவதால் மகளை இங்கே விட்டிருக்கிறார். மதியம் மீன் குழம்பு. தவக்காலத்து வெள்ளியில் கறி கூடாது, மீன் தோஷமில்லை. இப்படி ஒரு குழம்பைத் தின்றுவிட்டு ஒறுத்தல் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

மாலை சிலுவைப்பாதை. முற்றத்தில் சட்டியில் தீ. பெட்டியைக் கவிழ்த்தேன். "உங்கள் பாவங்கள் சாம்பலாயின" என்றேன், கொஞ்சம் குரல் நடுங்க. பிள்ளைகள் அழுதார்கள். பாதி பக்தி, பாதி புகை.

மதர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினோரு வருடத்தில் நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

கடவுளே, கடவுளே.

வரிசையாக எழுதுகிறேன், அப்போதாவது புத்தி வருகிறதா பார்ப்போம்.

பூசை. மன்றாட்டு நேரம். வாசிக்கும் முறை ஜெசிந்தாவுடையது. பெட்டியில் கைவிட்டு முதல் சீட்டை எடுத்தாள். கணீரென்ற குரல், மைக்கே வேண்டாம்.

"கணக்கு ஹோம்வொர்க் முழுவதையும் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதினேன்."

கூட்டம் தூக்கத்திலேயே பதில் சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இரண்டாம் சீட்டு.

"செவ்வாய்க்கிழமை உப்புமாவைத் தினமும் வாழைமரத்தடியில் கொட்டுகிறேன்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." இந்தத் தடவை சத்தம் கூடுதல். எல்லாருக்கும் அதே வேண்டுதல் போலிருக்கிறது. செவ்வாய்க்கிழமை எப்படித் தினமும் வரும் என்று யோசித்தேனே தவிர, எழுந்திருக்கத் தோன்றவில்லை பாருங்கள்.

மூன்றாவது.

"போன வெள்ளிக்கிழமை நான்கு பேர் சேர்ந்து ஆர்டர் போட்டு, துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து ஜன்னல் வழியாகச் சிக்கன் பிரியாணியை மேலே தூக்கித் தின்றோம். அது தவக்காலத்து வெள்ளி என்று..." இங்கே ஒரு சின்னத் தடங்கல். பிறகு இன்னும் சத்தமாக: "...தெரிந்தேதான் தின்றோம். லெக் பீஸ் இரண்டு."

அறுபது தொண்டையும் ஒரே மூச்சாக: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

பீடத்தில் ஃபாதரின் தோள் குலுங்கியது. முழங்கால் வலியை மறந்து ஓடினேன். பெட்டியைப் பிடுங்கினேன். "சிஸ்டர், எழுதியதை எழுதியபடி வாசிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க" என்கிறாள். மைக் ஆனில் இருந்தது.

ஆக, நான் வெள்ளிக்கிழமை எரித்தது மன்றாட்டுகளை. பாவங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

காபி நேரத்தில் ஃபாதர்: "முப்பது வருஷ ஊழியத்துல மன்றாட்டு நேரத்துல ஒருத்தரும் தூங்காத பூசை இதுதான் சிஸ்டர்." எரிந்துபோன மன்றாட்டுகளுக்கு என்ன பரிகாரம் என்றேன். "புகை மேலதான போச்சு, கவலைப்படாதீங்க" என்றார். குருக்களுக்கு எல்லாம் விளையாட்டு.

மார்ச் 17, திங்கள்

கண்ணாடி வந்துவிட்டது. மழை நின்றபின் குடை.

மதர் கூப்பிட்டார். மேஜையில் கொடிக்கயிறு, சாட்சிப் பொருள் மாதிரி.

"அந்தப் பாவச் சீட்டுக் கட்டைக் குடுங்க அமலி."

"எதுக்கு மதர்?"

"நாலு பேர் யார்னு கையெழுத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும்."

"அதான் ஒரு சீட்டு வெளிய வந்துடுச்சே, அதை மட்டும் தரேன்."

"முழுக் கட்டும் வேணும்."

முழுக் கட்டு எதற்காம்? அறுபத்திரண்டு பேரின் மனசையும் ஒரேயடியாகப் படித்துவிட வேண்டுமாம்! யாரும் படிக்க மாட்டோம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். நீங்கள் கடவுளுக்குக் கொடுத்த கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு என்ன ஆயிற்று என்றார். நியாயமான கேள்வி. அதனால் இன்னும் எரிச்சல்.

"எரிச்சிடவும் கூடாது. நான் சொல்ற வரைக்கும்." பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஜூன் மாதம் மாற்றல் பட்டியல் வரும் என்றார்.

கொடுக்கவும் மாட்டேன், எரிக்கவும் முடியாது. கட்டு இப்போது என் அழுக்குத்துணிப் பையில். என் காலுறைக்கு அடியில் யாரும் கைவிட மாட்டார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

உப்புமா. வாழைமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். ஒருத்தியும் வரவில்லை. தட்டு எல்லாம் காலி. எங்கே கொட்டினார்களோ.

மாலைப் படிப்பு முடிந்ததும் என் அறை வாசலில் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். வயிற்றுவலி, வீட்டு ஞாபகம், தோழி பேசவில்லை, கடவுள் இருக்காரா சிஸ்டர், இப்படி ஏதாவது. நேற்று ஒருத்திகூட இல்லை. இன்றும் இல்லை. கட்டு என்னிடம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். மாடிப்படியில் காதில் விழுந்தது: "அவங்ககிட்ட எதுவும் சொல்லாதடி. மதர்கிட்ட போயிடும்." பதினோரு வருடம் சேர்த்தது, ஒரு செருப்புப் பெட்டியில் போயிற்று.

ஜெசிந்தாவோடு யாரும் பேசுவதில்லை. "மைக் செட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரே அழுகை. ரோசி வந்தார், மீன் கூடையோடு, நேரே வியாபாரத்திலிருந்து.

"இன்னா சிஸ்டர் இது? கொயந்த இன்னா பண்ணும்? எய்தி கீறதத்தான படிக்கும்? பொட்டிய மாத்தி வெச்சது யாரு?"

"நான்தான்."

"அத்த அல்லார் முன்னாடியும் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சட்டென்று குத்தியது.

"நாள வரைக்கும் பாக்கறேன். இல்லாங்காட்டி இட்டுக்கினு பூடுவேன். மீன் விக்கறது ஒண்ணும் பாவமில்ல." போகும்போது இரண்டு சங்கராவை மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனார். கோபம் வேறு, மீன் வேறு.

மார்ச் 19, புதன், சூசையப்பர் திருநாள்

பாயசம். யாருக்கும் ருசிக்கவில்லை, எனக்கும்.

நான்கு மணிக்கு மணி அடித்து எல்லாரையும் முற்றத்துக்கு வரச் சொன்னேன். சட்டி. தீப்பெட்டி. கண்ணாடி மூக்கில்.

"பெட்டியை மாத்தினது நான். ஜெசிந்தா மேல தப்பே இல்ல. வாக்குக் குடுத்துட்டு அதைக் காப்பாத்தாதது நான். மன்னிச்சிடுங்க."

கட்டு மேலே ஒரு காலுறை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தபோது ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு பிரிக்காமல் அப்படியே போட்டேன். நன்றாக எரிந்தது.

மதர் வராந்தாவில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. கடைசித் தாள் சுருளும்வரை நின்றுவிட்டு உள்ளே போனார்.

மாற்றல் உறுதி. என் உடைமை மூன்று உடுப்பு, ஜெபமாலை, தைலம். மூட்டை கட்டப் பத்து நிமிடம்.

மார்ச் 20, வியாழன்

மூன்றாம் மாடிக் குழாய் தானாகவே நின்றுவிட்டது. தண்ணீரே வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மாலைப் படிப்பு முடிந்து கதவைத் திறந்தால் வரிசை. பதினான்கு பேர். யாரும் எழுத மாட்டார்களாம், வாயால் சொல்வார்களாம். "பேப்பர் வேணாம் சிஸ்டர், நீங்க பெட்டியை மாத்திடுவீங்க."

பிரியாணிக்காரிகளில் மூன்று பேர் முதலில். நான்காவது யார் என்று கேட்கவில்லை. நான்காவதே வந்தாள். ஜெசிந்தா.

"என் கையெழுத்துதான் சிஸ்டர். பாதி படிச்சப்புறம்தான் பார்த்தேன். நிறுத்தினா நான்தான்னு தெரிஞ்சிடும்ல? அதான் இன்னும் சத்தமா படிச்சேன்."

நான் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்துவிட்டாள். மற்ற மூவரும் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். நால்வருக்கும் ஒரு வாரம் கொடியில் துணி காயப்போடும் வேலை. ஜெசிந்தா வீட்டுக்குப் போகவில்லையாம். ரோசிக்குச் சொல்லியனுப்பினேன்.

பதினான்காவது பெண் போனபின் விளக்கை அணைக்கப் போனேன். வாசலில் இன்னும் ஒரு ஆள். மதர்.

மாற்றல் கடிதம் என்று நினைத்தேன். கையில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் உட்காரும் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்தக் கட்டுல என்னோடதும் ஒண்ணு இருந்துச்சு அமலி. போன வியாழக்கிழமை நானும் எழுதிப் போட்டேன். நீங்க பார்த்துடுவீங்களோன்னு பயம், மறுபடி தப்பா வேற எதையோ எரிச்சிடுவீங்களோன்னும் பயம். அதான் முழுசும் கேட்டேன், எரிக்கவும் வேணாம்னேன்."

மூன்று நாள் நான் மனசுக்குள் அவரைத் திட்டியது எல்லாம் வந்து எதிரே நின்றது.

"நான் பார்க்கல மதர். எரிஞ்சிடுச்சு."

"தெரியும். எரிஞ்சா நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன். இல்ல." ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "இருபது வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க கேப்பீங்களா?"

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.