அஞ்சலைக்குக் கொடுத்த எம்.சி.

ஏப்ரல் 28, 1986. திங்கள்

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. ஆஸ்பத்திரியில் ஆளும் இல்லை. மழை நாளில் இந்தத் தோட்டத்தில் யாருக்கும் சீக்கு வராது. வெயில் வந்தால்தான் வயிற்றுவலி.

ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி வந்தார். வியாழன் மே தினம், துரைக்குப் பேச்சு எழுதுகிறாராம். உலகமெல்லாம் மே மாசத்தில் என்னென்ன லீவு என்று நான் எழுதித் தர வேண்டுமாம், பேப்பர் படிக்கிறவன் நான் ஒருத்தன்தானாம். இருபது வருடம் இந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸராக இருந்ததற்கு இந்த மரியாதை.

கொடுத்தது:
ரஷ்யா, மே 1. பட்டாளம் நடக்கும்.
பிரான்ஸ், மே 1. பூ கொடுப்பார்கள்.
ஜப்பான், மே 5. பிள்ளைகள் தினம்.
நார்வே, மே 17. கொடி பிடித்து வருகிற பிள்ளைகளுக்கு ராஜா கையாட்டுவார்.
நம் தோட்டம், மே 1. பால்வெட்டுப் போட்டி.

கடைசி வரியை அடித்துவிட்டார். லீவைக் கொண்டாட லீவு நாளிலேயே பால் வெட்டச் சொல்கிற தோட்டம் வேறெங்கே உண்டு? வடிகிற பால் ஃபேக்டரிக்குத்தான் போகும்.

29, செவ்வாய்

வெயில். எதிர்பார்த்த கூட்டம். மே தினத்துக்கு முதல் நாளோ மறுநாளோ வேலைக்கு வராமல் நின்றால் லீவுச் சம்பளம் போச்சு. என் கையெழுத்துப் போட்ட சீக்குச் சீட்டு, எம்.சி., இருந்தால் தப்பலாம். ஆகவே எல்லோருக்கும் நாளைக்குக் காய்ச்சல் வரப்போகிறது, இன்றைக்கே வந்து சொல்கிறார்கள். பதினோரு பேர். ஒருத்தனுக்கு ஜெராமில் மச்சான் கல்யாணம், அதனால் இடுப்பு வலி. எல்லோருக்கும் ஒரே வெள்ளை மாத்திரை. எம்.சி. யாருக்கும் இல்லை.

கடைசியாக அஞ்சலை. வடக்கு லயத்து வெட்டுக்காரி, புருஷன் இல்லை, நாற்பது இருக்கும். இருமல். முந்தானையில் ரத்தம். காய்ச்சல் 102. கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும், நாளைக்கு எம்.சி. என்றேன். கேட்காமல் கிடைத்ததை இந்த ஒருத்திதான் வேண்டாம் என்றாள். மூன்று வருடம் ஒரு நாள்கூட நிற்காதவர்களுக்கு மே தின மேடையில் துரை கையால் சுவர்க் கடிகாரம். இவளும் நிற்கவில்லை. கடிகாரத்துக்கு உயிரை விடுகிற ஜென்மம் என்று திட்டினேன்.

கடிகாரத்துக்கு இல்லையாம். மூன்று வருடத்துக்கு முன்னால், மரத்தில் உறைந்து காய்ந்த ஒட்டுப்பால் மூட்டை ஒன்று காணாமல் போயிற்று. மறுநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடுகிற இடத்தில், அத்தனை பேர் முன்னாலும், வேலை வாங்குகிற மண்டோர் இவளைத் திருடி என்றார். அப்போதிருந்துதான் ஒரு நாளும் நிற்பதில்லை.

"அதே சனத்துக்கு முன்னால மைக்குல எம்பேரு வரணும்யா. வியாழக்கெழம அத கேட்டுட்டு, வெள்ளிக்கெழம நீங்க எங்க சொன்னாலும் போறேன்."

பேராம், மைக்காம். சரி சரி என்று தலையாட்டி அனுப்பினேன்.

30, புதன்

தலையாட்டியதோடு சரி. விடிந்ததும் மண்டோருக்குச் சீட்டு அனுப்பினேன், அஞ்சலை வேலைக்கு லாயக்கில்லை என்று. பெரட்டிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ரத்தம் துப்புகிறவளை மரத்தடிக்கு அனுப்ப நான் கசாப்புக்காரன் இல்லை.

தோட்டத்து வேன் பட்டறையில். வெள்ளிக்கிழமைதான் வருமாம். பஸ்ஸில் போ என்று ஆள் விட்டேன். கதவைத் திறக்கவில்லை. ஆக, அவள் சொன்ன அதே வெள்ளிக்கிழமை.

சவர பிளேடு வாங்க மறந்தேன்.

மே 1, வியாழன்

புழுக்கம். பந்தல், பலூன், ஆரஞ்சுத் தண்ணி. துரை மலாயில் பேச, கிராணி தமிழில் சொன்னார். நார்வே ராஜாவுக்குப் பலத்த கைதட்டல். நார்வே எங்கே என்று கேட்டால் கெர்லிங் பக்கம் என்பார்கள். பிறகு போட்டி, கயிறிழுப்பு, ஒரு குடிகாரன், ஒரு சண்டை.

நாலு கடிகாரம், நாலு பேர். ஒருவர் மண்டோர். அஞ்சலை பேர் இல்லை, புதன்கிழமை நின்றதாகக் கணக்கு. பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள். நாலு பேருக்கும் கைதட்டினாள்.

அப்புறம் என்னிடம் வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"மூட்டை காணாமப் போன அன்னிக்கு நான் ஒங்க ஆஸ்பத்திரிலதானய்யா படுத்துக் கெடந்தேன். ஒங்களுக்குத் தெரியுமே."

தெரியும். வாந்திபேதி. இரண்டு பாட்டில் தண்ணி ஏற்றினேன். டிரஸர் ஐயாவைக் கேளுங்கள் என்று பெரட்டில் அழுதாளாம், அதுவும் அப்போதே காதுக்கு வந்தது. லயத்துச் சண்டை, நமக்கென்ன என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. ஊரையெல்லாம் இளக்காரமாகப் பேசுகிற வாய் இது. தூ.

2, வெள்ளி

தூறல். பெரட்டுக்குப் போனேன், இருபது வருடத்தில் முதல் தடவை. கையில் 83ஆம் வருடத்து நோயாளிப் பதிவேடு. மைக் இல்லை, கத்தித்தான் வாசித்தேன். அஞ்சலை, வாந்திபேதி, காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை படுக்கை. ஒட்டுப்பால் போன அதே தேதி. இவள் எடுக்கவில்லை, எனக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். மண்டோர் நேரமாச்சு என்று ஆட்களை விரட்டினார்.

அஞ்சலை துணிப்பையோடு வேன் பக்கத்தில் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். ஏறுவதற்குக் கை கொடுத்தேன். பிடிக்காமல் தானாகவே ஏறி, இருமி முடித்து, பிறகு சொன்னாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் எப்பவோ லீவு போட்டுருப்பேனேய்யா."