பூநாரைக் களப்பில் ஆடி அமாவாசை

அன்புள்ள அண்ணி,

நீங்களும் மகள் சுபாங்கியும் சுகமாக இருக்க நல்லூரானை மன்றாடுகிறேன். ஒருவருமே நம்பாத கதையொன்றைச் சத்தியம் பண்ணிச் சொல்லப்போகிறேன்.

இங்கே பாரிசில், லா சப்பல் தெருவில் எங்கள் சாப்பாட்டுக்கடை ஆகஸ்டில் இரண்டு கிழமை பூட்டு. கூட வேலைசெய்யும் தில்லையம்பலத்தார் என்னை மத்தியதரைக் கடலோர உப்புநீர்க் களப்புகளைப் பார்க்கக் கூட்டிப்போனார். காலைத் தேத்தண்ணிக்கு முன்னமே இமயமலை போன்ற பதினேழு குன்றுகளை நடந்து தாண்டினேன். கீழே பத்து லட்சம் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்று எனக்கு மரியாதை செலுத்தின.

அன்று ஆடி அமாவாசை. களப்பில் இறங்கி அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன்.

“தமையன்ரை பேரையும் சொல்லன்ரா. முள்ளிவாய்க்காலிலை காணாமல் போய் ஒன்பது வருசமாச்சு,” என்றார் தில்லையம்பலத்தார்.

“அண்ணி இன்னும் பொட்டு வைக்கிறா. அதை அழிக்க நான் ஆர்?”

இதைக் கேட்டுப் பூநாரைகள் அழுததில் களப்பு மூன்று முழம் உயர்ந்தது.

கூழ் காய்ச்சக் கொஞ்சம் ஒடியல்மா அனுப்புங்கள், இங்கே பனங்கிழங்கைக் கண்ணாலும் காண முடியாது. எங்கள் அண்ணையின் பழைய சேட்டு ஏதும் இருந்தால் அதையும் வையுங்கள், குளிருக்குப் போட.

நாளைக்குக் கடை திறக்கிறது. அடுப்புத் துடைக்க இப்போதே கூப்பிடுகிறார்கள். குன்றுகளும் பூநாரைகளும் என் கைச்சரக்கு. அண்ணையின் பேர் நாக்குவரை வந்தது, நான் விழுங்கிவிட்டேன். அது மட்டும் உண்மை.

உங்கள் தம்பி,
கிருபாகரன்