ஒன்பதாம் தேதித் தாள்

ஆவணி 18, புதன்

காலையிலிருந்தே வெயில். கொடியில் போட்ட துணியெல்லாம் கரித்தூள். மறுபடி அலசினேன்.

அவர் தவறிப்போய் ஒன்பது நாள். அவர் போன் சார்ஜில்தான் கிடக்கிறது. இன்று டிங் என்றது. செஸ். உங்கள் முறை, இன்னும் மூன்று நாள் என்று காட்டியது. ஒரு காய் நகர்த்தப் பத்து நாள் கெடு உள்ள ஆட்டம். போன அன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஒன்று வைத்தார். எதிராளி, எந்த ஊர்க்காரனோ, இரண்டு நாள் கழித்துப் பதில் வைத்திருக்கிறான். சனிக்கிழமைக்குள் வைக்காவிட்டால் தோல்வி.

கெடு தாண்டி அவர் ஓர் ஆட்டமும் தோற்றதில்லை. "ஆளு வரலன்னு தோக்கறதெல்லாம் ஒரு தோல்வியாடி" என்பார்.

பக்கத்து வீட்டு அக்கா: "அந்த போன தூக்கி உள்ள போடு. பாத்துக்கினே இருந்தா பைத்தியந்தான் புடிக்கும்."

ஆவணி 19, வியாழன்

சோறு மட்டும். குழம்பு நேற்றையது.

பழைய ஆட்டங்கள் போனில் அப்படியே இருக்கின்றன. தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நான் ஆறாவதோடு நின்றவள். ஆனால் பதினோரு வருஷம் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். காய் எப்படிப் போகும் என்று தெரியும். ஏன் போகிறது என்றுதான் தெரியாது.

முதலில் அடிக்கவே மாட்டார். சிப்பாயை ஒவ்வொரு கட்டமாக, மைன்ஸில் கரி ஏற்றிய பெல்ட் ஓடுகிற மாதிரி, நிற்காமல், அவசரமும் இல்லாமல். எல்லோரும் ராணியை மூடி மூடி வைக்கிறார்கள். இவர் தெருவில் விளையாட விட்ட பிள்ளை மாதிரி விட்டுவிடுவார். தோற்கிற ஆட்டத்திலும் கடைசிக் காய் வரை. முடிந்ததும் எதிராளிக்கு ஒரு கும்பிடு பொம்மை. ஜெயித்தாலும் அதே கும்பிடு.

இந்தப் பொறுமையில் கால்வாசி ரசத்தில் உப்பு குறைந்த அன்று இருந்திருக்கலாம்.

சாயங்காலம் மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. காதர் பாய் வந்தார். அவரோடு பெல்ட் செக்‌ஷனில் ஒரே ஷிப்ட், இரண்டு பேரும் கான்ட்ராக்ட். சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்து ஆடுவார்கள்.

"பெரிய ஆட்டக்காரன்னு சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஆனா அவன்கூட ஆடுனா பயம். சும்மா குந்திக்கினு இருக்கிற மாதிரியே இருப்பான். திடீர்னு பாத்தா நம்ம ராஜாவுக்கு வழி இருக்காது."

ஆட்டத்தைக் காட்டினேன். எதிராளியின் யானை நம் ராணியைக் குறி வைத்து நிற்கிறது.

"ராணிய நகத்தணும். வேற வழியில்ல."

"நீங்களே நகத்திடுங்க பாய்."

"அவன் ஆட்டத்துல நான் கை வைக்க மாட்டேம்மா. நான் வச்சா அது என் ஆட்டம்."

டீ ஆறிவிட்டது. குடிக்காமலே போனார்.

ஆவணி 20, வெள்ளி

தலைவலி. விளக்கு வைக்கவில்லை.

அக்கா சுவரைப் பார்த்து, "இன்னம் ஆவணி ஒன்பதாம் தேதியிலியே நிக்குது பாரு, கிழியேன்" என்றாள். காலண்டர் கிழிப்பது அவர் வேலை. கிழித்தால் அவர் இருந்த நாளும் போய்விடும். தொடவில்லை.

ராணியைத் தொட்டு, விட்டு, தொட்டு, விட்டு.

ஆவணி 21, சனி

மேகம். காற்றில்லை. இன்றோடு கெடு.

பிற்பகல் மூன்று மணிக்குக் காலண்டரைக் கிழித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல். தாளின் பின்னால் பென்சில் எழுத்து. கிளம்பும் முன் தாளைத் தூக்கி ஏதோ எழுதுவார், வேலை விட்டு வந்து கிழித்துப் பார்ப்பார். ஷிப்ட் விவரம் என்று நினைத்திருந்தேன்.

"யானைய வச்சி ராணிய மிரட்டுவான். மிரட்டட்டும். குதிரை வலது ஓரம். ராணிய எடுப்பான். நம்ம யானை மேல் வரிசை. முடிஞ்சது."

பாய்க்குப் போன் போட்டுப் படித்தேன்.

"அடப்பாவி. ராணிய எடுக்க வந்தான்னா பின்னால காவலே இல்ல. ஓடலாம்னா குதிரை நிக்குது. நான் பாக்கவே இல்லியே." மூக்கை உறிஞ்சினார். "நீயே வையி தங்கச்சி. அவன் எழுதி வச்சதுதானே."

குதிரையை வைத்தேன். ராணி தனியாக நின்றது.

நாலு மணிக்கு டிங். எடுத்துவிட்டான்.

யானை. மேல் வரிசை.

ஜெயித்தவர் என்று அவர் பெயர் போட்டு வந்தது. அந்தக் கும்பிடு பொம்மையைத் தேடிப் பிடித்து அனுப்பினேன்.

பிறகு காலண்டரில் பாக்கி நாட்களைக் கிழித்தேன். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து.

பதினோரு தாள். பதினொன்றும் வெள்ளை.