இரைச்சலுக்கு அடியில் ஒரு பெயர்

ஏளா,

இன்று காலை நம் தெருவிலிருந்து உன் வயர்களையெல்லாம் கழற்றிவிட்டார்கள். புதுக் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் மாடி மாடியாக ஏறி, நீ இழுத்துக் கட்டிய கறுப்பு கேபிளைச் சுருட்டி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார்கள். என் வீட்டுப் பழைய பாக்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்ததும் சூடேறிய தூசி வாசனை குப்பென்று எழுந்தது. உன் கேபிள் ரூம் வாசனை. பாக்ஸைத் தர மாட்டேன் என்று சண்டை பிடித்து வாங்கி வைத்துக்கொண்டேன். இந்தப் பழைய டப்பாவுக்கா இவ்வளவு அடம் என்று அவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

சாத்தான்குளத்திலிருந்து எங்கள் கடற்கரைத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நீ. வந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பாய். மீன் நாற்றம் ஆகாதாம் மகாராணிக்கு. உன் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஷிப்ட் பார்க்க, கேபிள் தொழிலை நீ கையில் எடுத்தாய். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மொட்டை மாடிச் சுவரில் நீ நடப்பதைப் பார்த்து எங்கள் ஆண்களே வாயைப் பிளந்தார்கள். இரண்டு பேரும் வேதக்காரர்கள்தான் என்றாலும் நீ புராட்டஸ்டன்ட் கோயில், நான் கத்தோலிக்கக் கோயில். ஆனால் சீரியல் நடுவில் படம் போனால் நான் ஏசுவதும், நீ திருப்பி ஏசுவதும், அப்புறம் இரண்டு பேரும் ஒரே டம்ளரில் காப்பி குடிப்பதும் தினப்படி வழக்கமாகிப் போனது.

என் வீட்டுக்காரர் மிக்கேல் போன வள்ளம் திரும்பாத அந்த மாதங்களில்தான் நீ எனக்கு வெறும் சிநேகிதி இல்லை என்று தெரிந்தது. நடுக்கடலில் எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் எல்லையைத் தாண்டிப் போய்விட்டார்கள். அக்கரையில் பிடித்து வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. உயிரோடு இருக்கிறார்கள் என்ற மட்டில் நிம்மதி. எப்போது விடுவார்கள் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. மனு கொடுத்தோம், மறியல் செய்தோம், மாதா கெபியில் மெழுகுதிரி ஏற்றினோம். கடைசியில் வேறொரு கடற்கரைத் தொகுதி எம்.பி. ஒருவர், நாடாளுமன்றத்தில் நான் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

அன்றைக்கே நீ வீடு வீடாக ஏறி, டிவியில் நாடாளுமன்றச் சேனல் எந்த நம்பரில் இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தாய். அப்படியொரு சேனல் இருப்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பதினொரு மணிக்குக் கேள்வி நேரம், பன்னிரண்டு மணிக்கு பூஜ்ய நேரம், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குலுக்கலில் பெயர் வந்தால்தான் பேசலாம் என்று நீயே ஒவ்வொன்றாக விசாரித்து வந்து சொன்னாய். காலை ஏலம் முடிந்து, கையில் செதில் ஒட்டியிருக்க, நாங்கள் என் வீட்டு முன்னறையில் கூடுவோம். யார் பேச எழுந்தாலும் பக்கத்து வரிசையிலிருந்து நாலு பேர் வந்து அவர் பின்னால் உட்காருவதை முதலில் கண்டுபிடித்தவள் நீதான். “படத்துல நாற்காலி காலியாத் தெரியக் கூடாதுல்லா, அதுக்குத்தான் வாராவ” என்றாய். கல்யாண வீடியோவில் தலை காட்ட வரும் சித்தப்பாக்கள் மாதிரி என்று நாங்கள் சிரித்தோம். அந்த நாட்களில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அவர் பேசவேண்டிய நாள் வந்தது. பன்னிரண்டு அடித்தது. அடித்த கையோடு கூச்சல் கிளம்பிவிட்டது. வேறு ஏதோ விவகாரம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எழுந்து நின்று கத்துவது காதில் கேட்டது. படத்தில் சபாநாயகர் முகம் மட்டும். அமருங்கள், அமருங்கள் என்று அவர் கையைத் தாழ்த்திக்கொண்டே இருந்தார். நம் ஆளைக் காட்டவே இல்லை. சற்று நேரத்தில் அவையை ஒத்திவைத்துவிட்டு அவரும் எழுந்து போய்விட்டார். சேனலில் பாட்டுப் போட்டார்கள்.

எங்கள் கணக்கு என்ன? கல்யாண வீடியோவில் இல்லாதவன் கல்யாணத்துக்கு வரவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். படத்தில் நம் ஆள் இல்லை என்றால் அவர் வாயைத் திறக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டோம். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பான் என்றாள் ஒருத்தி. நம் தெருவுக்குள் ஒருநாள் கால் வைக்கட்டும், உப்புத் தண்ணீரால் கழுவி அனுப்புகிறேன் என்றாள் இன்னொருத்தி. எங்களைவிட மோசமாகத் திட்டியவள் நீ. எனக்குத் திட்டக்கூட முடியவில்லை. கதவைச் சாத்தி, போனை அணைத்துவிட்டுப் படுத்தேன். என் புருஷன் பெயரை இந்த நாட்டில் ஒருவரும் சொல்லப் போவதில்லை என்று அழுதேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி கதவை இடித்தாள். உன் லோக்கல் சேனலில் படத்துக்கு அடியில் எழுத்து ஓடுகிறதாம். ‘மிக்கேல் வீட்டம்மா உடனே கேபிள் ரூமுக்கு வரவும்.’ துணிக்கடை ஆடித் தள்ளுபடிக்கும் காணாமல் போன ஆட்டுக்குட்டிக்கும் நடுவில் என் பெயர் ஓடியது. ஊரே பார்க்க இப்படி எழுத்து ஓடவிட்டுக் கூப்பிடுகிறவள் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

ரூமுக்குள் நீ வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாய். ராத்திரி லோக்கல் சேனலில் போட வேண்டும் என்று அன்றைய ஒளிபரப்பைப் பதிந்து வைத்திருந்தாயாம். கோபத்தில் அதை அழிக்கப் போனவள், கடைசியாக ஒரு தரம் கேட்போம் என்று ஓடவிட்டிருக்கிறாய். ஹெட்போனை என் காதில் மாட்டினாய்.

“மூஞ்சியப் பாக்காதளா. கண்ண மூடிட்டுக் கேளு. அடியில ஒருத்தரு பேசுதாரு.”

கண்ணை மூடினேன். முதலில் வெறும் இரைச்சல். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் கடல் இரைவது மாதிரி. பிறகு அதற்கடியில் ஒரு குரல், மைக் இல்லாத வெறும் தொண்டைக் குரல், தமிழில். ஒரு பெயர். நிறுத்தம். இன்னொரு பெயர். நிறுத்தம். கோயிலில் பெயர் வாசிப்பதுபோல் வாசித்துக்கொண்டே போனது. சபாநாயகர் ஏதோ சொல்லி நிறுத்தும் இடைவெளியில் தெளிவாக விழுந்தது, அந்தோணி மிக்கேல்.

எத்தனை தடவை ஓடவிட்டாய் என்று நினைவில்லை. நீயும் அழுதாய். தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, அந்த ஹெட்போனை மாட்டித் தங்கள் ஆள் பெயரைத் தேடி எடுத்தார்கள். கூச்சல் வந்தால் கேமரா சபாநாயகரை விட்டு நகராது, அது அங்குள்ள வழக்கம் என்று மறுநாள் எம்.பி.யின் உதவியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய். இரைச்சலில் வாசித்தது அவைக் குறிப்பிலும் ஏறாதாம். நாங்கள் அத்தனை பெயரையும் கேட்டோம் என்று அவரிடம் சொல்லச் சொன்னாய். எம்.பி.யோ, செவிடன் காதில் சங்கு ஊதிவிட்டு வந்தோம் என்றே அதுவரை நினைத்திருந்தாராம். அடுத்த வாரம் மறுபடி நோட்டீஸ் கொடுத்தார். இந்தத் தடவை மைக்கோடு, முகத்தோடு, பின்னால் நாலு பேர் வந்து உட்கார, ஒவ்வொரு பெயராகச் சொன்னார்.

கிறிஸ்மசுக்கு முன்னால் நம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அவர் பேசியதாலா, அதிகாரிகள் அலைந்ததாலா, மாதாவின் தயவா, யார் கண்டார்? ஆனால் அந்த ஹெட்போனைக் கழற்றிய நாளிலிருந்து நான் கதவைச் சாத்திப் படுக்கவில்லை. அது உன்னால்.

கூட்டத்தொடர் நடக்கும்போதெல்லாம் அந்தச் சேனலைப் பார்ப்பது நம் இரண்டு பேருக்கும் பழக்கமாகிவிட்டது. ஒருநாள் டெல்லிக்குப் போய் கேமரா காட்டாத மூலையையும் பார்த்துவிட வேண்டும் என்பாய். போன மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் முடிந்து போனாய். கல்லறை வரை உன் பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தேன். உங்கள் கோயில் பாட்டு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, வாயை மட்டும் அசைத்தேன்.

இந்த வருஷம் மகளிர் குழுவிலிருந்து டெல்லி போனோம். அதே எம்.பி. அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார்கள். போனையும் பையையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பார்வையாளர் மாடத்தில் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. நீயா பேசாமல் இருந்தாய் என்று கேட்பாய். இருந்தேனளா. ஒரே குளிர்.

பன்னிரண்டுக்குக் கூச்சல் ஆரம்பித்தது. இப்போது நம் தெருவில் சபாநாயகர் முகம் மட்டும் தெரியும் என்று நினைத்தபடி மற்ற பக்கமெல்லாம் பார்த்தேன். மாடத்துக்கு நேர் கீழே ஒரு பெண் எம்.பி. தன் இடத்தில் நின்று கையிலிருந்த தாளை வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாஷை எனக்குப் புரியவில்லை. ஆனால் கொஞ்சம் வாசிப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி கொஞ்சம் வாசிப்பு. அடிப்பாவி, இது பெயர்கள் அல்லவா! கண்ணை மூடிக்கொண்டேன். கஷ்டப்பட்டு ஒன்றைப் பிடித்தேன். ரத்தன் மண்டல். எந்த ஊரோ, என்ன ஆயிற்றோ. இந்த நேரத்தில் எவளோ ஒருத்தி டிவி முன்னால் உட்கார்ந்து, நம் ஆள் பெயரை யாரும் சொல்லவில்லையே என்று அழுதுகொண்டிருப்பாள். எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது, நான் கேட்டேன், நான் கேட்டேன் என்று.

ஊருக்கு வரும்வரை ரயிலில் அந்தப் பெயரை மறக்காமல் சொல்லிக்கொண்டே வந்தேன். வந்த மறுநாள் பங்குச் சாமியிடம் போய் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசிக்க அந்தப் பெயரைக் கொடுத்தேன். யாரும்மா இது, நம்ம பங்கா என்று கேட்டார். தெரியாது சாமி, டெல்லியில் கேட்ட பெயர் என்றேன். அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“எந்தப் பக்கம் எழுதட்டும்? உசுரோட இருக்கவங்க பக்கமா, செத்தவங்க பக்கமா?”

உன் முகம்தான் முன்னால் வந்தது, ஹெட்போனை நீட்டிக்கொண்டு.

“இருக்காருன்னே எழுதுங்க, சாமி. நல்லபடியா வீடு வந்து சேரணும்னு வாசிங்க.”

ஞாயிற்றுக்கிழமை வாசித்தார். கோயில் முழுக்க, யார் என்றே தெரியாத அந்த மனுஷனுக்காக, ஒரே குரலில் சொன்னது: ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.