ஒரே சுமடு, இரண்டு உடம்பு

மக்கா,

உதியன்குளங்கரை ஜங்ஷனில் என் உடம்பைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். செத்தவனுக்குக் கட்டுகிற ஃப்ளெக்ஸ் போர்டு அல்ல, உயிரோடு இருக்கிறவனுக்குக் கட்டியது. பஸ் நிற்கிற இடத்துக்கு நேரே, கரண்டு கம்பத்தில். அதில் நான் சட்டை இல்லாமல், கை இரண்டையும் மடக்கி, வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறேன். தேங்காயெண்ணெய் தடவிவிட்டதால் நெஞ்சும் தோளும் மினுங்குகின்றன.

எனக்கு எழுத்து தெரியாது என்பது நீ அறிந்ததுதான். சாயாக்கடைப் பக்கம் கூடையை இறக்கிய மீன்காரி வாசித்துச் சொன்னாள். "வயது எழுபத்தாறு. மருந்தில்லை, மாயமில்லை. உழைப்பும் உணவும் மட்டும்." வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணே, இனி உம்மை வடையும் கையுமா கண்டா ஆளுக கேசு குடுக்கும்" என்றாள். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் இறங்குகிற வழிதான் உன் வீட்டு வழி. உன் பெண்டாட்டி தங்கம்மை காலையில் பால் வாங்க வரும்போது என் மடக்கின கைக்குக் கீழேதான் நடந்து வரவேண்டும். அந்த நினைப்பு வந்ததும் உடம்பெல்லாம் கூசிப்போனது. பாதிச் சாயாவை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல மருமகள் இதை எழுதுகிறாள். மார்த்தாண்டத்துக்காரி, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். என் பேச்சை நேராக்கி எழுதிக்கொள்ளட்டும், இடையில் கேள்வி மட்டும் கேட்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நாம் லாரியிலிருந்து அரிசி இறக்கி அடுக்கிய கிடங்கு நினைவிருக்கும். அது இப்போது ஜிம். அதை நடத்துகிற பையன், நான் வாய்க்காலில் குளித்துக் கரையேறுவதைக் கண்டு பைக்கை நிறுத்தினான். "அப்பூப்பா, இதென்ன உடம்பு! டயட் என்னதாக்கும்?" என்று கேட்டான். "பழங்கஞ்சி, மரச்சீனி, சாளைமீன். பின்னே சுமடு தூக்குறது" என்றேன். யோசிக்கவே இல்லை. ஆயுசு முழுவதும் கேட்டவனுக்கெல்லாம் சொன்ன பதில் அல்லவா. அவன் கூட்டிக்கொண்டு போய் எண்ணெய் தடவினான், கையை மடக்கச் சொன்னான், மடக்கினேன். கிழவனுக்கு அத்தனை சந்தோஷம். நாம் சுமந்த அதே கிடங்கில் நின்றுகொண்டு, உன்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

நான் சொன்ன பதில் சரியென்றால் உனக்கும் இந்த உடம்பு வந்திருக்க வேண்டாமா? ஒரே லாரி, ஒரே பலகை. நான் ஒரு சாக்கு இறக்கினால் நீயும் ஒன்று இறக்குவாய். பசித்தால் ஒரே பெஞ்சில் ஒரே மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும். எனக்கு ஒரு துண்டு கூடவே வேண்டும், நீ போதும் என்று இலையை மடக்குவாய். ஆனாலும் என் வயிற்றில் வரப்பு வெட்டின மாதிரி கோடு கோடாக இருக்கும், உன் வயிறு உருண்டு முன்னால் நிற்கும். கண்டவர்கள், ஒருவன் பாடுபடுகிறான், ஒருவன் தின்கிறான் என்று முடிவு கட்டினார்கள்.

என் அப்பனுக்கும் இதே கோடுகள் உண்டு. அப்பன் பாதி நாள் கள்ளு குடித்துவிட்டுப் படுத்துக் கிடப்பார். கிடக்கிற கிடப்பிலேயே தோளும் கையும் செதுக்கி வைத்தது போல இருக்கும். என் அண்ணன் தையல்காரன், மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தே காலம் கழித்தவன், அவனுக்கும் இப்படித்தான். உன் வீட்டில் அப்பன், அத்தைமார், தங்கச்சி எல்லாரும் உருண்டை. இதெல்லாம் நம் கண் முன்னால்தான் இருந்தது. ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க மட்டும் நமக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாமல் போனது வசதியாகவும் இருந்தது.

அந்த ஓணத்து வடம்வலியைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. கயிறு இழுக்கிற ஏழு பேரையும் சேர்த்து நிறுத்தால் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை. நம் சுமட்டுக்காரர் கூட்டம் முதல்தடவையாகப் பேர் கொடுத்திருந்தது. கடைசி ஆளாக நின்று, கயிற்றை இடுப்பில் சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்ற உன்னைவிட்டால் ஆள் கிடையாது. உனக்கும் அது பெரிய ஆசை. எங்கே யார் கேட்டாலும் உன்னை வயிற்றை வைத்துத்தான் அடையாளம் சொல்லுவார்கள். ஒரு தடவையாவது பிடியை வைத்துச் சொல்லட்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னாய்.

ரப்பர் ஷீட் வாங்குகிற கடையில், சாக்கு நிறுக்கிற தராசில் ஒவ்வொருவராக ஏறினோம். நீ ஏறியதும், "முதலாளி, ஷீட்டுக்குக் கழிக்கிற மாதிரி எனக்கும் ஈரத்துக்குக் கொஞ்சம் கழிக்கணும்" என்றாய். "உனக்கு ஈரத்துக்கு இல்லலே, மரச்சீனிக்காக்கும் கழிக்கணும்" என்றார் முதலாளி. கூட்டிப் பார்த்தபோது எடை கூடுதலாக இருந்தது. அதிகமில்லை. ஏழு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் குறைத்திருந்தால் தீர்ந்திருக்கும். ஒருவன் தலைக்குப் பாரம் அதிகமென்றால் இன்னொருவன் ஓடிப்போய்க் கை கொடுப்பதுதானே நம் தொழில்? அன்றைக்கு ஒருவனும் கை கொடுக்கவில்லை. எல்லாரும் உன் வயிற்றைப் பார்த்தோம். நீயும் குனிந்து அதையே பார்த்தாய்.

"உன்னைப்போல ஆகணும்னா என்னலே செய்யணும்?" என்று என்னைக் கேட்டாய். நானும் குரு மாதிரி, "சோற்றை நிறுத்து, சுமட்டைக் கூட்டு" என்றேன். நீ அதை வேதமாக எடுத்துக்கொண்டாய். ஆடி மாதம், ஓயாத மழை. கஞ்சியில் வெள்ளத்தைக் குடித்துவிட்டுப் பருக்கையைக் கோழிக்குப் போடுவாய். வேலை முடிந்தபின் பாறசாலை வரைக்கும் நடந்து திரும்புவாய். நான் பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கிழங்கும் தின்றுகொண்டு உனக்கு யோசனை சொன்னேன். என் கோடுகள் அப்படியே இருந்தன. உன் கன்னம் ஒட்டியது, கண் உள்ளே போனது, வயிறு மட்டும் பேருக்குக் குறைந்தது.

சாயாக்கடைக்காரர்தான் அதைச் சொன்னார். "எலே, இவன் பகல்ல பட்டினி, வீட்டுல கல்யாணச் சாப்பாடு. பெண்டாட்டி ஒளிச்சு வச்சு ஊட்டுவாளாயிருக்கும்." எல்லாரும் சிரித்தோம். நானும்தான். "ஆமா, பாயாசத்தோட" என்று நீயும் சிரித்தாய். உன்னோடு நடந்தவன் நான், நீ தின்னவில்லை என்பதை அறிந்தவன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் வந்தது. நான் சொன்ன வழி பொய்யாகாது, அதனால் நீதான் எங்கேயோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கடைசி நிறுவைக்கு முந்தின நாள் நீ வந்து, "வயித்துவலி மக்கா, என்னைக் கொண்டு முடியாது" என்றாய். தனுவச்சபுரத்துக்காரன் ஒருவனைப் பிடித்து உன் இடத்தில் நிறுத்தினோம். ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். பரிசாகக் கிடைத்த ஏத்தன் வாழைக்குலையை ஜங்ஷன் வழியாக ஊர்வலமாகக் கொண்டுபோக, சுமக்க ஒரு தலை கேட்டபோது, "சும்மா நிக்கிறவன் நான்தானே" என்று நீ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாய். உன் முன்னால் நான் நெஞ்சை விரித்துக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு சங்கம் நீலச்சட்டை தந்தது. என் சட்டை எப்போதும் தோளில் கிடக்கும். நீ கழுத்துவரை பொத்தான் போட்டுத்தான் சாக்கு எடுப்பாய். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். முதுகெல்லாம் வேர்க்குரு பொரிந்து, சுவரில் உரசிக்கொண்டு நிற்பாய். "கழத்திப் போடேன்லே" என்றால், "நீ கழத்தினா காணக் கொள்ளாம், நான் கழத்தினா பிள்ளைக பயப்படும்" என்பாய். நான் அதை உன் வழக்கமான தமாஷ் என்றே எடுத்துக்கொண்டேன்.

நீ செத்து, உன்னைக் குளிப்பாட்டின அன்றுதான் அந்தச் சட்டைக்கு உள்ளே இருந்ததை முதல்முறையாகத் தொட்டேன். நாலு பேர் பிடித்தோம். என் கை உன் தோளுக்குக் கீழே இருந்தது. கல் மாதிரி இருந்தது, மக்கா. பிடரியில் சுமடு உட்கார்ந்த தழும்பு, என்னுடையதைவிடப் பெரியது. மேலே ஒரு சதைப்போர்வை, அவ்வளவுதான். அதற்கு அடியில் நீ இறக்கிய லாரி அத்தனையும் அங்கேயே இருந்தது.

போர்டைக் கண்ட மறுநாள் ஜிம்முக்குப் போனேன். "மக்கா, அதைக் கழத்து" என்றேன். "ஏன் அப்பூப்பா, ஆளுக உங்களைக் கண்டுட்டுத்தானே சேருது" என்றான். உன்னைப் பற்றிச் சொன்னேன். அவன் நல்ல பையன், நின்று கேட்டான். "உள்ளதைச் சொன்னா, உங்களுக்கு இது ஜீன் ஆக்கும்" என்றான். "அதென்ன சாதனம்?" என்று கேட்டேன். "அப்பனும் அம்மையும் தந்து விடுறது. சிலருக்கு லேசா வேலை செஞ்சாலே வெளியே தெரியும். சிலருக்குப் பாடுபட்டா பலம் வரும், சீக்கு வராது, ஆனா எவ்வளவு பாடுபட்டாலும் காணத் தெரியாது. அந்த மாமன் செஞ்சதொண்ணும் வீண் இல்ல, கேட்டீங்களா."

"அப்போ அதை எழுதி வை."

"அதை எழுதினா பின்னே எவன் வருவான், அப்பூப்பா?"

அங்கிருந்து நேரே உன் வீட்டுக்கு இறங்கினேன். தங்கம்மை முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போர்டைக் கண்டாயா என்று கேட்டேன்.

"கண்டேன். அவிய இருந்திருந்தா அதுக்குக் கீழ நின்னு, 'இது எனக்க கூட்டுக்காரனாக்கும்'னு வாறவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லியிருப்பாவ" என்றாள்.

எனக்குத் தலை நிமிரவில்லை. "அந்த ஓணத்துக்கு முன்னால, சாயாக்கடையில உன்னைப் பத்தி ஒரு பேச்சு உண்டு" என்று ஆரம்பித்தேன்.

"நான் ஒளிச்சு ஊட்டினேன்னுதானே? அவியளே வந்து சொல்லிச் சிரிச்சாவ." மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே சொன்னாள். "அவிய திங்காம இருக்கையில எனக்கு மட்டும் தொண்டையில இறங்குமா அண்ணே? நானும் அந்தக் கஞ்சிவெள்ளத்தைத்தான் குடிச்சேன். மூத்தவ அப்போ கைக்குழந்தை. எனக்குப் பால் வத்திப்போச்சு. பிள்ளை கிடந்து கத்தும். நான் வாய் திறக்கல்ல. அவியளே கண்டுபிடிச்சாவ. அன்னைக்கே உலையில அரிசி கூடப் போடச் சொல்லி, எனக்க முன்னால உக்காந்து தின்னாவ, நான் திங்கணும்னு. பொறவுதான் உங்ககிட்ட வந்து வயித்துவலின்னு சொன்னது."

அவளாகவே, "இன்னும் கொஞ்ச நாள் பிடிச்சு நின்னிருந்தா எடை சரியாயிருக்கும்னு எப்பவாவது சொல்லுவாவ" என்றாள். பிறகு, "சாயா போடட்டா?" என்று கேட்டு எழுந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

போர்டு இன்னும் அங்கேதான் நிற்கிறது. நேற்று பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பூப்பா, அது நீங்கதானே?" என்றான். "அது எனக்க அப்பனுக்க உடம்பாக்கும் மக்கா. பாடுபட்டவன் வேற ஆளு" என்றேன். அதற்குள் அம்பூரி பஸ் வந்தது. அவன் ஏறிப் போய்விட்டான், அந்த ஆள் யாரென்று கேட்கவில்லை. அடுத்தவன் கேட்கக்கூடும். உடனே சொல்லவேண்டும் என்று உன் பெயரை நாக்கிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறேன்.