முன் இடது சக்கரம்

மாத்தளை
2025.01.19

அன்புள்ள நுஹ்மானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஏழு மாதமாக என் போன் கோல் எதையும் நீ எடுக்கவில்லை. குறை சொல்ல எனக்கு வாயில்லை. உன் கூடப்பிறந்த ராத்தா வீட்டு விலாசம் தேடி வாங்கி, பல்லேகமைக்கு இதை அனுப்புகிறேன். கிழிப்பதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழி மச்சான்.

நீ விற்ற வேன் என் கராஜுக்குத் திரும்பி வந்திருக்கிறது. பல்லேபொல சாலிஹ் ஹாஜியார் இப்போது அதில் மிளகு ஏற்றுகிறார். இறங்கும்போதே சொன்னார்: "மெதுவா போய் நிப்பாட்டக்குள்ள பெடல் காலுக்கடியில நடுங்குது தம்பி. வேன் நிக்காம வழுக்குது." நீ சொன்ன அதே வார்த்தைகள்.

நீயும் மூன்று தடவை வந்தாய். ஸ்கேனர் போட்டால், பிரேக்கில் சக்கரம் இறுகாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸில் முன் இடது சக்கரம் என்று காட்டும். சக்கரத்தின் வேகம் பார்க்கும் சென்சரைத் துடைத்து, குறைப் பதிவை அழித்து, டவுனுக்குள் ஒரு சுற்று ஓட்டினால் எல்லாம் சரி. "ஒன்டுமில்ல, போ" என்றேன்.

இந்த முறை எதையும் அழிக்கவில்லை. ஐந்து நாள் மல்லாடினேன். புதுச் சென்சர் போட்டும் குறை போகவில்லை. சென்சருக்கு எதிரே சுற்றும் பல் வளையத்தைப் பல் பல்லாகப் பார்த்தேன், ஒன்றும் உடையவில்லை. கடைசியில் என் மனைவி ஜெஸ்லாவைப் பக்கத்தில் ஏற்றி, அவள் மடியில் ஸ்கேனரை வைத்து, மழை விட்ட கையோடு எல்கடுவ ரோட்டில் ஓட்டினேன். நாலு சக்கரத்தின் வேகத்தையும் அவள் வாசித்துக்கொண்டே வந்தாள். "பதினெட்டு, பதினெட்டு... இங்க பாருங்க, முன் இடது பூச்சியம்! இப்ப திரும்பவும் பதினெட்டு."

சக்கரம் உருண்டுகொண்டுதான் இருந்தது மச்சான். சென்சரிலிருந்து சேதி வராததால், அது இறுகி நின்றுவிட்டது என்று ஏபிஎஸ் நினைத்து பிரேக்கைத் தளர்த்தி விடுகிறது. அதுதான் அந்த நடுக்கம்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, சென்சர் வயரை விரலால் வளைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் கரண்ட் பார்க்கும் மீட்டரின் முள் விழுந்தது. வெளி ரப்பரில் கீறல்கூட இல்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பிடித்து, இரண்டு இழைதான் மிச்சம். நேரே போனால் ஒட்டும், திரும்பினால் விலகும்.

விபத்தன்று நீ தூங்கவில்லை நுஹ்மான். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

உன்
ஹஸீப்


பல்லேகம
2025.02.02

ஹஸீபுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் தோட்ட வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தேன். சந்தோஷமா என்று ராத்தா கேட்டா. என்னவென்று சொல்வது?

பிரேக் பிடிக்கவில்லை என்று பொலிஸில் சொன்னேன். கராஜ்காரரைக் கேட்டோம், வேனில் குறை இல்லை என்கிறார் என்றார்கள். நீயும் என்னிடம் சொன்னாய்: "காலைல நாலுக்கு எழும்புறாய், ராவு வரைக்கும் ஓடுறாய். கண் அசந்திருப்பாய் மச்சான்." எல்லோரும் சொல்லச் சொல்ல நானும் அப்படித்தான் என்று நம்பிவிட்டேன். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். லைசன்ஸ் போனது. அந்தக் காத்தாயி அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, தூங்கிவிட்டேன் என்று அழுதேன். என் வேன் மோதி இடுப்பு எலும்பு போய், தேயிலைக் கொழுந்து எடுக்க ஏலாமல் தோட்டத்து லய வீட்டுக்குள் கிடந்த மனுஷி என் முதுகைத் தடவிவிட்டா.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. முதல் இரண்டு தடவையும் ஏபிஎஸ்ஸின் மஞ்சள் லைட் எரிந்துதான் உன்னிடம் வந்தேன். மூன்றாம் தடவைக்குப் பிறகு அது எரியவே இல்லை. எரிந்திருந்தால் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றியிருக்கவே மாட்டேன். வயர் அப்படியே இருந்தது என்கிறாய். அப்படியென்றால் லைட் ஏன் எரியவில்லை?

எனக்குப் பதில் எழுத முதல் எல்கடுவைக்குப் போய் அந்த அம்மாவிடம் சொல்.

நுஹ்மான்


மாத்தளை
2025.02.16

நுஹ்மான்,

போனேன். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தா. வயர் கதை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டா.

"அப்ப அந்தத் தம்பி தூங்கலீங்களா?"

"இல்லம்மா."

"ஐயோ, தூங்கிட்டேன் தூங்கிட்டேன்னு அப்புடி அழுதாரே. வண்டி கெட்டுப் போனா காட்டிக் குடுக்க ஒண்ணும் இல்லீங்களா அதுல?"

"ஒரு லைட் இருந்திச்சி."

"எரியலியா?"

உனக்கு எழுதத் துணியாததை அவவிடம் சொன்னேன். மூன்றாம் தடவை நீ வந்தபோது கராஜ் வாசலில் நாலு வண்டி காத்து நின்றது. குறை பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. வேக மீட்டருக்குப் பின்னால் இருந்த அந்த மஞ்சள் லைட்டின் சின்ன பல்பைக் கழற்றி எடுத்தேன். "இனி எரியாது" என்று உன்னிடம் சொன்னேன். நீ எனக்கு நன்றியாக ஜஸாக்கல்லாஹ் சொல்லிவிட்டுப் போனாய். பொலிஸ் கேட்டபோது பயத்தில் வேனில் குறை இல்லை என்றேன். போன கடிதத்திலும் மறைத்தேன்.

அவ ஏசவில்லை. "எரியுற லைட்ட எதுக்குங்க அவிச்சீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான். அங்கிருந்து எழும்பி வந்தேன்.

லோயரைப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் உன் வழக்கைத் திரும்பப் பார்க்கச் சொல்லி மனுப் போடலாமாம். எனக்கும் வழக்கு வரும் என்றார். வரட்டும். கராஜை மூட வேண்டி வந்தால் மூடுவோம் என்று ஜெஸ்லாவும் சொல்லிவிட்டாள். அறுத்த வயரை உறையில் போட்டு லோயரிடம் கொடுத்திருக்கிறேன்.

என்னை மன்னி என்று எழுதக் கை வரவில்லை. நீயும் வரவேண்டும் என்கிறார் லோயர். ஒரு நாள் சொல்.

ஹஸீப்


பல்லேகம
2025.03.01

ஹஸீபுக்கு,

வயர் உள்ளே அறுந்தது உன் பிழை இல்லை. குறை பிடிபடாததும் பிழை இல்லை. பிடிபடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேனை நிறுத்தியிருப்பேன். உன்னை நம்பித்தானே மூன்று தடவையும் வந்தேன்.

ஏசலாம் என்று இருந்து பார்த்தேன். அதற்கும் தெம்பில்லை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பத்து மணிக்கு லோயர் வீட்டு வாசலில் நில். நீ எழுதிக் கொடுக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்து இரண்டு பேருமாக எல்கடுவைக்குப் போய், அந்த அம்மாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு வருவோம்.

எல்கடுவை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இரு, பரவாயில்லை. பேச மட்டும் சொல்லாதே.

நுஹ்மான்