இரண்டு கட்டங்கள் பாக்கி

நாகசாகி,
அக்டோபர் 3.

அன்புள்ள தோஷிமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதில் தேதி இல்லை. சப்போரோவில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். கம்பளி உள்ளாடையை எடுத்துப் போட்டுக்கொள்.

உன் அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்தது. பூங்காவில் காலை வானொலி உடற்பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்களில் இவானாகா வழக்கம்போல மாதா கோவில் வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். "கொடுத்துவெச்ச மனுஷன்மா உங்க வீட்டுக்காரர்! காலையில உடற்பயிற்சி, மத்தியானம் பரலோகம். ஒருத்தருக்கும் பாரமில்ல. எனக்கும் அப்படியே வரணும்னுதான் தினம் வேண்டிக்கிறேன்." கடைசி நாள் வரை ஆரோக்கியமாக இருந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் தலை குனிந்து நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். அழுகை வரவில்லை.

உனக்கும் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அது உண்மையில்லை.

அன்று காலை அவர் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். "செட்சு, இடது கை என்னமோ மரத்துப்போன மாதிரி இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாமா?" என்று கேட்டார். உடற்பயிற்சிக்கு வருகிறவர்களின் வருகை அட்டையில் நாளுக்கு ஒரு கட்டமாக முத்திரை குத்தும் பொறுப்பு என்னுடையது என்பது உனக்குத் தெரியும். "இன்னும் ரெண்டு கட்டம்தான் பாக்கி. கையை உதறினா சரியாயிடும், எழுந்திருங்க" என்றேன். வந்தார். வலது கையை மட்டும் உயர்த்தினார். நான் பார்த்தேன். முத்திரையும் குத்தினேன். மத்தியானம் விழுந்துவிட்டார். அந்த அட்டையில் இப்போதும் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.

உடம்பைப் பற்றிப் புலம்புவது ஒழுக்கக்கேடு என்று கன்னியர் மடப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நாளும் தவறாமல் வருவதுதான் ஆரோக்கியம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

இன்னொன்று. மே மாதம் நகராட்சிப் பரிசோதனையில் என் மலத்தில் ரத்தம் இருந்ததாம். மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன தாளை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். ஐந்து மாதங்களாகின்றன. ஒரு நாள்கூட உடற்பயிற்சிக்குப் போகாமல் இருந்ததில்லை. "உங்களைப் பாத்தா எண்பத்தி ரெண்டுன்னு யார் சொல்லுவா" என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை இவானாகா பாதியிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்ததும் அட்டையை நீட்டினார். பிறகு, "நான் குனியவே இல்லையேம்மா. குத்தினா பொய்யாயிடுமே?" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நானும் குத்தவில்லை. அன்று அவரை மருத்துவரிடம் நானே அழைத்துப் போனேன். வழியெல்லாம், "முத்திரையும் போச்சு, டீயும் ஆறிப்போச்சு" என்று முனகிக்கொண்டே வந்தார். நெஞ்சில் ஏதோ அடைப்பாம். சரிசெய்துவிடலாம் என்றார்கள்.

திரும்பி வந்து ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். மறுபரிசோதனைக்கு இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி பதிவு செய்திருக்கிறேன். மயக்க மருந்து கொடுப்பார்களாம். குடும்பத்தில் ஒருவர் கூட வர வேண்டும் என்று படிவத்தில் இருக்கிறது. அந்த இடத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். உனக்கு வேலை இருக்கும், தெரியும். இவானாகா தானே வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

உன் மெத்தையை நேற்று வெயிலில் போட்டேன்.

மாதா உன்னைக் காக்கட்டும். களைப்பாக இருந்தால் ஒரு நாள் படுத்துக்கொள். யார் எழுப்பினாலும் எழுந்திருக்காதே.

உன் அம்மா,
செட்சு